சும்மா கொடுத்த தக்காளி

எங்கள் அப்பாவுக்குத் தக்காளி போடத் தெரியும், விற்கத் தெரியாது என்று என் தாய்மாமா வாய் ஓயாமல் சொல்வார். அதில் பாதிதான் உண்மை. அப்பாவுக்கு விற்கவும் தெரியும். விற்றால் நாலு காசு மிஞ்ச வேண்டுமே என்ற நினைப்பு மட்டும் அவருக்கு எப்போதும் இரண்டாவதாகத்தான் வரும். முதலில் வருவது பேர். பார்த்தவர்கள் "இது இன்னார் தோட்டத்துக் காய்" என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு சொல்லுக்காக எங்கள் வீடு பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. அதில் ஒரு சனிக்கிழமையை மட்டும் சொல்கிறேன்.

அனுமந்தன்பட்டியில் எங்களுக்கு இருந்தது சின்னத் தோட்டம். பக்கத்துத் தோட்டம் பெரியப்பாவுடையது. இரண்டுக்கும் ஒரே கிணறு, ஒரே மண், ஒரே நர்சரியில் வாங்கிய நாற்று. பெரியப்பா நாற்றை நட்டுத் தண்ணீர் காட்டுவதோடு சரி, கொடி தரையில் தன் போக்கில் கிடக்கும். அப்பா செடிக்குச் செடி குச்சி ஊன்றி, சணல் கட்டி, ஒரு காய்கூட மண்ணில் படாமல் நிறுத்துவார். குச்சிக்குத் தனிச் செலவு, கட்டுகிற ஆளுக்குத் தனிக் கூலி. பறித்து முடிந்ததும் பெரியப்பா அள்ளின கையோடு பெட்டியில் கொட்டி, மேலே மட்டும் ஒரு வரிசை நல்ல காயாகப் பரப்புவார். அப்பா சாக்கை விரித்து உட்கார்ந்து, புள்ளி விழுந்தது, வெடித்தது, கோணலாய்ப் போனது என்று பொறுக்கித் தள்ளிக்கொண்டே இருப்பார். பெட்டிக்கு அடியில் கிடக்கிற காயும் மேலே இருக்கிற காயும் ஒரு சாயலாக இருக்க வேண்டும் அவருக்கு.

தேனி மண்டியில் இரண்டு பேர் பெட்டியும் ஒரே விலைக்குத்தான் போகும். பெரியப்பாவுக்குப் பெட்டியும் அதிகம், செலவும் குறைவு. அவர் மாடி எடுத்துக் கட்டினார். அப்பா மண்டியிலிருந்து கொண்டுவந்தது ஒரு பேச்சு. மண்டிக்காரர் தன் ஆட்களிடம், "அண்ணன் பெட்டியக் கொட்டிப் பாக்க வேணாம், அப்படியே ஏத்துங்கடா" என்று சொன்னாராம். இதைச் சட்டையைக் கழற்றுவதற்கு முன்னால் ஒருமுறை சொல்வார், சாப்பிடும்போது ஒருமுறை சொல்வார், படுக்கப் போகும்போது யாரும் கேட்காவிட்டாலும் சொல்வார். ஒருநாள் அம்மா பொறுக்க மாட்டாமல், "அந்தப் பேச்ச உலையில போட்டா வேகுமா?" என்று கேட்டுவிட்டாள். அப்பா சிரித்துக்கொண்டே ரசத்தை ஊற்றிக்கொண்டார்.

என்னைப் பழனிசெட்டிபட்டிப் பக்கம் ஓர் இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கூடத்தில் சேர்த்ததும் அந்தப் பேருக்காகத்தான் என்று நினைக்கிறேன். பள்ளிக்கூடப் பஸ் எங்கள் ஊர் வரைக்கும் வந்து பிள்ளை பிடிக்கும். பாதித் தூக்கத்தில் ஏறினால் வீரபாண்டி தாண்டித்தான் கண் திறக்கும். வகுப்பில் பாதிப் பேர் கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகள், மீதிப் பேர் ஆபீஸ்காரர் வீட்டுப் பிள்ளைகள். எட்டாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் ஓர் இரும்புக்கடை முதலாளியின் மகள். "உங்கப்பா என்ன பண்றாங்க?" என்று அவள் கேட்டபோது, யோசிப்பதற்குள் என் வாய் "பிசினஸ்" என்று சொல்லிவிட்டது. என்ன பிசினஸ்? "வெஜிடபிள்ஸ்." பொய் என்று சொல்லிவிட முடியாது பாருங்கள். அவளாகவே அதற்கு லாரி, குடோன், கணக்குப்பிள்ளை எல்லாம் வைத்துக் கட்டிக்கொண்டாள். நான் அதைக் கலைக்கப் போகவில்லை.

விவசாயி மகள் என்று சொல்வதில் என்ன குறைச்சல் என்று கேட்பீர்கள். இன்றைக்கு மேடைக்கு மேடை எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். எங்கள் வகுப்பில் ஒரு பையனுக்குக் 'காட்டான்' என்று பட்டப்பேர் இருந்தது. அவன் செய்த ஒரே தப்பு, அவனுடைய அப்பா வாழைத்தார் ஏற்றின வண்டியிலேயே வந்து அவனைப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டதுதான். வருஷம் முடிகிற வரைக்கும் அவனை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை, சில டீச்சர்கள் உட்பட. எனக்கு அப்படி ஒன்று வந்துவிட்டால் செத்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் பள்ளத்தாக்கு முழுக்கத் தக்காளி. முந்தின வருஷ விலையைப் பார்த்துவிட்டு, பீட்ரூட் போட்டவர்கள், வெங்காயம் போட்டவர்கள் எல்லோரும் தக்காளிக்கு மாறியிருந்தார்கள். காய் சிவக்கத் தொடங்கினதும் விலை படுத்துவிட்டது. கேரளத்து வியாபாரிகள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பறிக்கிற கூலிக்குக்கூடத் தேறாது என்றதும் பெரியப்பா மாட்டை அவிழ்த்துத் தோட்டத்துக்குள் விட்டுவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டார். பிழைக்கத் தெரிந்த மனுஷன்.

அப்பா ஆள் விட்டுப் பறித்தார்.

"நட்டம்னு தெரிஞ்சே எதுக்குப் பறிக்கிறீக?" என்றாள் அம்மா.

"செடி காய்ச்சிருச்சுல்ல. அது வேலைய அது செஞ்சிருச்சு. நம்ம வேலைய நம்ம செய்ய வேணாமா?"

அம்மாவிடம் இதற்குப் பதில் இருந்தது. அதை அவள் பாத்திரங்களிடம் சொன்னது வாசல் வரைக்கும் கேட்டது. அப்பா காதில் வாங்காமல் சாக்கை விரித்துப் பொறுக்க உட்கார்ந்துவிட்டார். யாருமே வாங்காத காயில் புள்ளி விழுந்ததைப் பொறுக்கித் தள்ளிக்கொண்டிருந்த ஆள் எங்கள் ஊரிலேயே அவர் ஒருவர்தான்.

மாமாவிடம் குட்டியானை இருந்தது, வாடகைக்கு ஓடுகிற சின்ன லோடு வண்டி. டீசல் மட்டும் போட்டால் போதும் என்று சொல்லி அக்காள் புருஷனுக்காக வந்திருந்தார். எனக்கு விளையாட்டு விழாவுக்கு வெள்ளை ஷூ வாங்க வேண்டியிருந்தது. விற்ற கையோடு தேனியிலேயே வாங்கித் தருகிறேன் என்று அப்பா என்னையும் ஏற்றிக்கொண்டார். நான் நடுவில், மாமா ஸ்டியரிங்கில், அப்பா கதவோரம். வழியெல்லாம் ரோட்டோரத்தில் ஊர்க்காரர்கள் கொட்டிவிட்டுப் போன தக்காளி சிவப்புச் சிவப்பாகக் கிடந்தது. ஆடுகள்கூடத் தின்று அலுத்துப்போய் அதற்குப் பக்கத்திலேயே படுத்திருந்தன. அப்பா அந்தப் பக்கம் பார்க்காமல் மேகமலைப் பக்கத்து மேகத்தைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

மண்டியில் எங்கள் பெட்டியை இறக்கவே விடவில்லை. "அண்ணே, எறக்குனா எறக்குகூலிய நான் கையில இருந்து குடுக்கணும். தப்பா நெனைக்காதீக, கொண்டுட்டுப் போயிருங்க" என்றார் மண்டிக்காரர். அப்பா ஒரு பெட்டியையாவது திறந்து பார்க்கச் சொன்னார். "ஒங்க பெட்டிய எதுக்குண்ணே தெறந்து பாக்கணும்" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த வண்டியைத் திருப்பி அனுப்பப் போய்விட்டார்.

ஷூவைப் பற்றி நான் கேட்கவில்லை. அந்த அளவுக்கு எனக்கு விவரம் இருந்தது.

வருகிற வழியில் மாமா, எல்லோரும் கொட்டுகிற இடத்திலேயே கொட்டிவிட்டு வெறும் வண்டியாகப் போனால் டீசலாவது மிச்சம் என்றார். அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ரோட்டுல கொட்டுறதுக்கா நான் பொறுக்கி அடுக்குனேன்? வீட்டு வீட்டுக்குக் குடுத்துட்டுப் போவோம். நாலு பேரு தின்னுபிட்டுச் சொல்லட்டும்."

"எங்கன குடுப்பீக மச்சான்?"

"இங்கனதான். பழனிசெட்டிபட்டியில இல்லாத வீடா? தோட்டம் தொரவு இல்லாத சனம், வாங்கிக்கிடுவாக. பாப்பாவும் கூட வந்தா யோசிக்காமக் கதவத் தெறப்பாக."

என் வகுப்புப் பிள்ளைகள் இருக்கிற ஊர் அது. வயிறு வலிக்கிறது, நான் வண்டியிலேயே இருக்கிறேன் என்றேன். "ஷூ இல்லன்னதும் மகராசிக்கு வயித்துவலி வந்துருச்சு" என்றார் மாமா. அப்பா இறங்கிப் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு முதல் வீட்டுக் கேட்டைத் தட்டினார்.

"தக்காளி தாயி. அனுமந்தன்பட்டித் தக்காளி. நம்ம தோட்டம்."

"கிலோ என்ன விலை?"

"வெலையெல்லாம் இல்ல. சும்மா வச்சுக்கிடுங்க."

கதவு சாத்திக்கொண்டது. இரண்டாவது வீட்டில் எந்தக் கட்சி என்று கேட்டார்கள். எலெக்‌ஷனுக்கு இன்னும் நாள் கிடக்கிறதே என்று அந்த வீட்டுக்காரர் விரல் மடக்கி யோசித்தார். அடுத்த வீட்டு அம்மாள் ஒரு காயை எடுத்து மோந்து பார்த்துவிட்டு, மருந்து அதிகமாய் அடித்துவிட்டதால்தான் சும்மா தருகிறீர்களா என்றாள். ஒரு பெரியவர் பை நிறைய வாங்கிக்கொண்டு, கூடவே கொத்தமல்லி கிடையாதா என்று கேட்டார். சில பேர் மனசு கேட்காமல் காசு கொடுக்க வந்தார்கள். அப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வேண்டாம் என்றார். வாங்கினவர்கள் எல்லோரிடமும் சலிக்காமல், "நம்ம தோட்டம் தாயி. அடியில பாருங்க, அடியிலயும் இதே காய்தான்" என்று சொன்னார். ஒருவரும் அடியில் பார்க்கவில்லை. வண்டிக்குள் இருந்த எனக்கு அவமானத்தில் காது ரெண்டும் சுட்டது. சும்மா கொடுக்கிறதை விற்கிறதைவிடக் கெஞ்சிக் கொடுத்துக்கொண்டிருந்தார். பூமி பிளந்து என்னை விழுங்கினால்கூடத் தேவலை என்றிருந்தது.

தெருமுனையில் ஒரு தள்ளுவண்டிக்காரர் வழிமறித்தார். காலையில் அவர் மண்டியில் எடுத்த தக்காளி அப்படியே வண்டியில் இருந்தது. "அண்ணே, ஒங்களுக்குப் புண்ணியம் தேட என் பொழப்புதான் கெடச்சுச்சா?" என்றார். அப்பாவின் முகம் சுண்டிப்போயிற்று. அந்த ஆளிடம் என்னமோ மெதுவாகச் சொல்லிவிட்டு வந்து, "மாப்ள, தள்ளுவண்டி வராத தெருவாப் பாத்து உள்ள விடு" என்றார். மாமா வண்டியை உள்தெருவுக்குத் திருப்பினார்.

அது இரும்புக்கடைக்காரர் தெரு. பள்ளிக்கூடப் பஸ்ஸில் தினமும் பார்க்கிற தெரு. நீலக் கேட் போட்ட அந்த வீட்டுக்கு முன்னால்தான் அவள் ஏறுவாள். மாமா சரியாக அந்தக் கேட்டுக்கு முன்னால் நிழல் பார்த்து நிறுத்தினார்.

அப்பா இறங்கிப் பின்பக்கம் போனதும், நான் சீட்டிலிருந்து சரிந்து கால் வைக்கிற இடத்தில் குந்தினேன். போதவில்லை. ஜன்னல் வழியாகத் தலை தெரியும் போலிருந்தது. சீட்டில் கிடந்த துண்டை இழுத்துத் தலையோடு போர்த்திக்கொண்டேன். பெட்டி தூக்கும்போது அப்பா தோளில் போட்டுக்கொள்கிற துண்டு.

"என்ன புள்ள செய்ற?" என்றார் மாமா.

"உஷ்! இது என் கிளாஸ்மேட் வீடு. பேசாதீங்க மாமா."

அந்நேரம் ஜன்னல் வழியாக அப்பாவின் கை உள்ளே வந்தது. சீட்டைத் தடவித் துண்டைத் தேடியது. பிறகு கை அப்படியே நின்றது. கொஞ்ச நேரம் கழித்து ஒன்றும் எடுக்காமல் வெளியே போய்விட்டது. துண்டு வேண்டாம் என்று நினைத்துவிட்டார் போல என்று எனக்கு மூச்சு வந்தது.

கேட் திறக்கிற சத்தம் கேட்டது. "என்னங்க வேணும்?" என்று அவளுடைய அம்மாவின் குரல். உள்ளேயிருந்து "யாரு மம்மி?" என்று அவளும் கேட்டாள். நான் துண்டுக்குள் கண்ணையும் மூடிக்கொண்டேன்.

"தக்காளிம்மா. அனுமந்தன்பட்டித் தக்காளி."

அடுத்து வரப்போவது எனக்கு மனப்பாடம். அது வரவில்லை.

"யாரு தோட்டம்? என்ன விலை?"

"எங்க மொதலாளி தோட்டம்மா. வெல இல்ல, சும்மாவே குடுத்துட்டு வரச் சொன்னாக. நான் லோடு எறக்குற ஆளு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தன்னையே 'சொன்னாக' என்று மரியாதை கொடுத்து அப்பா பேசி அதற்கு முன்னாலும் நான் கேட்டதில்லை, பிறகும் கேட்டதில்லை. பரவாயில்லை, அப்பாவுக்கும் ஒருவழியாக வெட்கம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். காலையிலேயே வந்திருக்கலாம்.

"அப்படியா? சரிப்பா, இதுல கொட்டு" என்றாள் அந்த அம்மாள். 'என்னங்க' போய் 'ப்பா' வந்திருந்தது. அன்னக்கூடையில் தக்காளி உருளுகிற சத்தம் கேட்டது. பெட்டி காலியாகிற வரைக்கும் அவள் பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். "அடடே, அடியிலகூட ஒண்ணு சொத்தை இல்லையே! இப்படி ஒரு காய நான் பார்த்ததே இல்ல. உங்க முதலாளி பெரிய ஆளுதான்ப்பா. நான் சொன்னேன்னு அவருகிட்டச் சொல்லு."

"சொல்றேம்மா."

"இந்தா, டீ குடி."

நோட்டு மடங்குகிற சத்தமெல்லாம் வண்டிக்குள் கேட்காது. ஆனாலும் அப்பா வாங்கிக்கொண்டார் என்று தெரிந்தது, ஏனென்றால் "வாரேம்மா" என்று சொன்னார். அதுவரை எந்த வீட்டிலும் கை நீட்டாத ஆள். லோடுமேன் வாங்கிக்கொள்ளாவிட்டால் சந்தேகம் வரும் என்று யோசித்திருக்கிறார், கெட்டிக்காரர்தான் என்று எனக்குள் மெச்சிக்கொண்டேன்.

வண்டியில் ஏறினதும் அப்பா, "போதும் மாப்ள, வீரபாண்டிப் பக்கம் விடு" என்றார். பின்னால் இன்னும் பாதிப் பெட்டிகள் இருந்தன. தெரு திரும்பினதும் நான் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். துண்டை மடித்து நடுவில் வைத்தேன். ரோட்டோரத்தில் எல்லோரும் கொட்டுகிற இடத்தில் மாமாதான் இறங்கிக் கொட்டினார். அப்பா வண்டியை விட்டு இறங்கவே இல்லை. களைத்துப்போயிருப்பார் என்று நினைத்தேன். டீக்கடை வந்தபோது அந்த நோட்டைக் கொடுத்து எனக்குத் தேங்காய் பன் வாங்கித் தந்தார். வயிற்றுவலி என்று சொன்னதை மறந்து முழுசும் தின்றேன்.

அடுத்த போகத்துக்கு அப்பா குச்சி ஊன்றவில்லை. கொடியைத் தரையிலேயே விட்டார், அள்ளினதை அப்படியே கொட்டி மேலே ஒரு வரிசை பரப்பினார். பல வருஷத்துக்குப் பிறகு வீட்டில் கொஞ்சம் காசு நின்றது. அப்பாவுக்கு இப்போதுதான் புத்தி வந்திருக்கிறது என்று பெரியப்பா சொன்னார், மாமாவும் அதைத்தான் சொன்னார், நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அது பிறகு நடந்தது. அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் எனக்கு வாய் நிற்கவில்லை. அப்பா வெளியே குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார். அடுப்படியில் தோசை சுட்டுக்கொண்டிருந்த அம்மாவிடம் நான் எல்லாவற்றையும் ஒன்று விடாமல், கட்சி கேட்டவரையும் கொத்தமல்லி கேட்டவரையும் நடித்துக் காட்டி, சொல்லிக்கொண்டே வந்தேன். அம்மா சிரித்தாள். துண்டைப் போர்த்திக்கொண்டு நான் குந்தி உட்கார்ந்ததையும், அப்பா லோடுமேன் என்று சொல்லி அந்த அம்மாளை ஏமாற்றினதையும் சொன்னேன். அம்மா சிரிப்பதை நிறுத்திவிட்டாள்.

"நீ ஒளிஞ்சத உங்கப்பா பாத்தாகளா?"

"இல்லம்மா. துண்டு எடுக்கக் கைய விட்டாக. ஆனா பாக்கல."

வெளியே தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"ஆமா, நான் பாக்கல" என்றார் அப்பா அங்கிருந்தே.

எனக்கு அப்பாடா என்றிருந்தது. நான் தட்டை நீட்டினேன். அம்மா கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலையே பார்த்து நின்றாள்.

"அம்மா, தோசை தீயுது" என்றேன்.